முன்பக்கம் நிரப்பு, பின்பக்கம் வெட்டு: ஒரு மலைவீட்டு பாலிசியை வாசித்தல்

கடந்த இரண்டு மாதமாக நான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பது ஒரு வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை. சிரிக்காதீங்க. கல்வெட்டு, பழைய நிலப் பத்திரம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் இதற்குள் விழுந்ததுக்குக் காரணம் ஒரு நண்பன்.

கல்லூரியில் என்னோடு படித்தவன், சென்னையில் வேலை. பத்து வருடம் முன்னால் கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் பத்து சென்ட் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினான். கோடை விடுமுறைக்குப் போவார்கள், பொங்கலுக்குப் போவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். கீழே லைன் வீட்டில் இருக்கும் ஒரு அண்ணன் சாவி வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வார். பாலிசி மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்தான்.

போன நவம்பர் மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, சமையலறைச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அதே ராத்திரி முன்பக்க வராந்தா ஒரு அடி இறங்கியது. வீட்டில் யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. க்ளெய்ம் போட்டான். சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், போனார். பிறகு ஒரு கடிதம் வந்தது. சாரம் இதுதான்: பின்பக்கச் சேதம் மண் தோண்டியதால் வந்தது, முன்பக்கச் சேதம் நிரப்பிய மண் இறங்கியதால் வந்தது, இரண்டும் விலக்குகளில் அடங்கும், எனவே க்ளெய்ம் ஏற்கப்படவில்லை.

"டேய், நீதான் பழைய எழுத்தெல்லாம் படிக்கிறியே, இதைப் படிச்சுச் சொல்லு. நிலச்சரிவு உண்டுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இப்ப இல்லைங்கிறாங்க. எது உண்மை?"

படித்துப் பார்த்தேன். ரெண்டுமே உண்மை. அதுதான் பிரச்சினை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்

அவனிடம் இருப்பது 'பாரத் க்ரிஹ ரக்ஷா'. வீடுகளுக்கான பொதுப் பாலிசியாக ஐஆர்டிஏஐ வரையறுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தீக்காப்பு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இதைக் கட்டாயம் விற்க வேண்டும். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதனால் இந்த விமர்சனம் ஒரு கம்பெனியைப் பற்றியது இல்லை, அந்த வாசகத்தைப் பற்றியது.

பழைய தீக்காப்புப் பாலிசிகளைப் படித்தவர்களுக்கு இது ஒரு ஆறுதல். 'நீங்கள்', 'நாங்கள்' என்று மனுஷர் பேசுவது மாதிரி எழுதியிருக்கிறார்கள். எந்தெந்த நிகழ்வுக்குக் காப்பு என்பது ஒரு பத்தியிலும், அதிலிருந்து எது விலக்கு என்பது பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், காட்டுத்தீ எல்லாம் உண்டு. வீடு நிற்கும் நிலம் அமிழ்வது, நிலச்சரிவு, பாறைச்சரிவு மூன்றும் அடிப்படைக் காப்புக்குள்ளேயே வருகின்றன. இது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசி நிலச்சரிவை முழுதாக வெளியே தள்ளிவிடும். அங்கே மலையில் வீடு வைத்திருப்பவர் தனியாகத் தேடி வாங்க வேண்டும். இங்கே கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு நல்லது. காப்புத்தொகையைக் குறைவாகப் போட்டுவிட்டாலும், அந்த விகிதத்தில் க்ளெய்மை வெட்டுகிற பழைய வழக்கம் இதில் இல்லை. அடுத்தது, 'வீடு' என்பதற்குள் சுற்றுச்சுவர், கேட், உள்சாலை, தண்ணீர்த் தொட்டி, தடுப்புச்சுவர் எல்லாம் கூடுதல் கட்டுமானங்களாக வருகின்றன. மலையில் சில வீடுகளுக்கு வீட்டைவிடத் தடுப்புச்சுவருக்குத்தான் செலவு அதிகம்.

ஆனால் இங்கே ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. வீட்டின் காப்புத்தொகை கார்ப்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. தடுப்புச்சுவருக்கு ஏது கார்ப்பெட் ஏரியா? அதன் மதிப்பை நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். நண்பன் சொல்லவே இல்லை. இப்படி ஒரு கட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஏஜென்ட் சதுர அடி கேட்டார், சொன்னான், முடிந்தது. சமவெளியில் ஃப்ளாட் வாங்குபவரிடம் கேட்கிற அதே கேள்வி.

நிலத்தின் மதிப்பும் இதில் இல்லை. அது நியாயம்தான், சென்னையில் வீடு எரிந்தாலும் மனை இருக்கும். மலையில் சரிவு வந்தால் மனையே போய்விடும். முழுத்தொகை கைக்கு வந்தாலும் கட்டுவதற்கு இடம் இருக்காது. அந்த இழப்புக்கு இந்தப் பாலிசியில் பேரே இல்லை.

கரடியும் பூட்டிய வீடும்

2021க்கு முன் நண்பன் எடுத்திருந்தது பழைய 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' பாலிசி. இரண்டு பிரதியும் கையில் இருந்ததால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தேன். பரிமேலழகர் பார்த்த பாடபேதத்துக்கு முன்னால் இது தூசுதான், ஆனாலும் பலன் கிடைத்தது.

பழைய பாலிசியில் மோதல் சேதம் என்ற பிரிவில் ரயில், சாலை வாகனம், விலங்கு என்று எழுதியிருக்கிறது. புதியதில் வெளிப்புறப் பொருள் மோதுவது என்று பொதுவாகச் சொல்லி, வாகனம், விழும் மரம், விமானம், சுவர் என்று உதாரணம் தருகிறார்கள். மரம் சேர்ந்தது மலைவாசிக்கு லாபம். விலங்கு உதாரணத்தில் இல்லை. நீலகிரியில் கரடி சமையலறைக் கதவை உடைத்து எண்ணெய் தேடிப் போவதும், கூடலூர்ப் பக்கம் யானை சுவரை இடிப்பதும் அங்கே இருப்பவர்களுக்குச் செய்தியே இல்லை. 'முதலியன' என்ற சொல்லுக்குள் யானை அடங்கும் என்று வாதாடலாம். முன்பு வாதாடவே தேவையில்லாமல் இருந்தது.

பழைய பாலிசியில் இன்னொரு நிபந்தனை. கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டியே கம்பெனியின் ஒப்புதலை என்டார்ஸ்மென்டாக வாங்கியிருக்காவிட்டால், காப்பு பொருந்தாது. நண்பன் அந்தப் பாலிசியை எத்தனையோ வருடம் கட்டினான். வீடு பூட்டியிருந்த நாட்களைக் கணக்குப் போட்டால், அவன் கட்டிய பிரீமியத்தில் பெரும்பகுதி காப்பே இல்லாத மாதங்களுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது வீடு என்பதே பூட்டிக் கிடக்கிற வீடுதான். அதை மறைத்து வாங்கிய பாலிசி, வீட்டுக்காரர் வந்து தங்குகிற பத்து நாளைக்கு மட்டும் உயிரோடு இருக்கும். இன்று பாலிசி எடுப்பவருக்கும் இதே யோசனைதான்: இது விடுமுறை வீடு, வருடத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும் என்று எழுத்தில் சொல்லி, அதை ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்க. ஏஜென்ட் போனில் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்' என்று சொல்வது செல்லாது.

திருட்டும் அப்படித்தான். புதிய பாலிசியில் திருட்டு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். தீ, வெள்ளம் மாதிரி காப்பிலுள்ள ஒரு நிகழ்வு நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் காப்பு. வெறுமனே பூட்டை உடைத்து டிவியைத் தூக்கிப் போனால் கிடையாது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

வீட்டை வார இறுதிகளில் ஹோம்ஸ்டேவாக விடுகிறவர்களுக்கு ஒரு வரி: இது குடியிருப்புக்கான பாலிசி. வாடகைக்கு ஆள் ஏற்றினால் பயன்பாடு மாறிவிட்டது என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் இருந்தால் க்ளெய்ம் நேரத்தில் கூகுள் தேடலில் முதலில் வருவது உங்க வீட்டு விளம்பரம்தான்.

ஐந்து விலக்குகள்

இப்போது கடிதத்துக்கு வருவோம். நிலம் அமிழ்தல், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவற்றுக்கு எதிரே ஐந்து விலக்குகள் உள்ளன. புதுக் கட்டடத்தில் வரும் வழக்கமான விரிசலும் இறக்கமும். நிரப்பி உண்டாக்கிய நிலம் இறங்குவது அல்லது நகர்வது. கடல், ஆற்று அரிப்பு. குறைபாடான வடிவமைப்பு, வேலை, பொருள். கடைசியாக, இடிப்பு, கட்டுமானம், மாற்றம், பழுதுபார்ப்பு, நிலவேலை, தோண்டுதல்.

சமவெளியிலிருந்து பார்த்தால் ஐந்தும் நியாயம். ஏரியில் மண் கொட்டி மனை போட்டவனுக்குக் கம்பெனி ஏன் அழ வேண்டும்? ஆனால் சரிவில் வீடு எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்க. சமதளம் வேண்டும். மேல்பக்கம் மண்ணை வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, முன்னால் தடுப்புச்சுவர் எழுப்பி நிரவுவார்கள். வீட்டின் பின்பாதி வெட்டின தரையில் நிற்கும், முன்பாதி நிரப்பின தரையில் நிற்கும். நீலகிரியில் பாறைக்கு மேலே தடிமனான செம்மண் போர்வை. தொடர்ந்து மழை பெய்தால் அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, பிடிப்பு விட்டு இறங்கும். வெட்டின முகம் செங்குத்தாக நிற்பதால் முதலில் அங்கே விழும். நிரப்பின மண்ணில் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் தடுப்புச்சுவரைத் தள்ளும்.

கம்பெனி அர்த்தப்படுத்துகிற மாதிரி படித்தால், பின்பக்கம் 'தோண்டுதல்' விலக்கில் போகிறது, முன்பக்கம் 'நிரப்பிய நிலம்' விலக்கில் போகிறது. மிச்சம் இருப்பது நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் மட்டும் நிலச்சரிவு வந்தால் பணம் உண்டு. மென்பொருளில் இப்படி எழுதினால் கோட் ரிவ்யூவில் உதைப்பார்கள்: நிபந்தனையும் விதிவிலக்கும் ஒரே கணத்தைப் பிடிக்கின்றன, உள்ளே இருக்கிற வரி ஒருநாளும் ஓடாது.

அதனால் கம்பெனியின் வாசிப்புதான் தப்பு என்பது என் கட்சி. இரண்டு காரணம்.

முதல் காரணம் 'தோண்டுதல்' என்ற சொல். அது தனியாக நிற்கவில்லை. இடிப்பு, கட்டுமானம், மாற்றம், பழுதுபார்ப்பு என்ற கூட்டத்தில் நிற்கிறது. எல்லாமே செயல்கள், நடந்துகொண்டிருக்கும் வேலைகள். பக்கத்து மனையில் ஜேசிபி வைத்து வெட்டும்போது உங்க சுவர் விழுந்தால் இந்த விலக்கு பொருந்தும். பத்து வருடம் முன்னால் வெட்டி, புல் முளைத்து, பத்து மழைக்காலம் நின்ற மேடு ஒரு அசாதாரண மழையில் விழுந்தால், காரணம் தோண்டுதலா, மழையா? எப்போதோ நடந்த தோண்டுதலும் சேரும் என்றால் உலகத்தில் எந்த வீடும் தப்பாது. அஸ்திவாரம் தோண்டாமல் கட்டின வீடு எது? ஒரு சொல்லுக்குச் சார்ந்த சொற்களை வைத்துப் பொருள் கொள்வது நம் உரையாசிரியர்களுக்கும் தெரியும், நீதிமன்றங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. இந்திய நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வாசகம் இருபொருள் தந்தால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பதும் நிலைத்த விதி. சர்வேயர் அறிக்கையில் மண் பரிசோதனை இல்லை. வராந்தாவுக்குக் கீழே நிரப்பின மண் எத்தனை அடி, இயற்கை மண் எங்கே ஆரம்பிக்கிறது, எது நகர்ந்தது என்று ஒரு வரி இல்லை. படத்தைப் பார்த்துச் சொன்ன முடிவு.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஒரு கடைக்குத் தீக்காப்பு விற்கிறார்கள், கடை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தே. பாலிசிக்குள் அடித்தளத்துக்குக் காப்பு இல்லை என்று ஒரு விலக்கு. தீப்பிடித்ததும் விலக்கைக் காட்டினார்கள். ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழித்துவிடுகிற விலக்கை வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். மலைச்சரிவில் வெட்டி நிரப்பிக் கட்டின வீடு என்று தெரிந்து நிலச்சரிவுக் காப்பு விற்பதற்கும், அந்த அடித்தளக் கடைக்கும் தூரம் அதிகமில்லை என்பது என் எண்ணம். நான் வக்கீல் இல்லை. வாசகனாகச் சொல்கிறேன்.

நண்பன் இப்போது காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போயிருக்கிறான். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கம்பெனி பக்கம்

ஒருதலையாக எழுதக் கூடாது. இந்த விலக்குகளை அப்படியே தூக்கிவிட்டால் என்ன ஆகும்? அனுமதியில்லாமல் ராத்திரியில் இயந்திரம் வைத்து மலையைக் குடைந்து, வடிகால் இல்லாமல், கசிவுத் துளை இல்லாமல் சுவர் எழுப்பினவனின் நஷ்டத்தை, ஒழுங்காகக் கட்டினவர்களின் பிரீமியம் சுமக்கும். நீலகிரிக்கு ஆபத்து புதுசும் இல்லை. 1993இல் மரப்பாலம், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான சரிவுகள், 40க்கும் மேற்பட்ட உயிர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இவ்வளவும் தெரிந்த கம்பெனி தற்காப்பு தேடுவதில் தப்பில்லை.

என் குறை, அந்தத் தற்காப்பை எப்போது எடுக்கிறார்கள் என்பதில். நண்பன் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் பின்கோடு கேட்டிருக்கிறார்கள், கட்டின வருடம் கேட்டிருக்கிறார்கள். வீடு சரிவில் இருக்கிறதா, மண் நிரப்பினதா, தடுப்புச்சுவர் எத்தனை உயரம், மழைநீர் எங்கே போகிறது? ஒரு கேள்வி இல்லை. பிரீமியம் வாங்கும்போது மலை கண்ணுக்குத் தெரியவில்லை. பணம் கொடுக்கும்போது மட்டும் தெரிகிறது.

ஸ்விட்சர்லாந்தின் 26 கேன்டன்களில் 19இல் கட்டடக் காப்பீடு கட்டாயம், அதை நடத்துவது அந்தந்தக் கேன்டனின் பொது நிறுவனம். தீயோடு வெள்ளம், பனிச்சரிவு, பாறைவீழ்ச்சி, நிலச்சரிவு எல்லாம் ஒரே பாலிசி. நிலநடுக்கம் மட்டும் பொதுவாகக் கிடையாது. அந்த நிறுவனங்கள் பணம் கொடுப்பதோடு நிற்பதில்லை, ஆபத்துத் தடுப்பும் அவற்றின் வேலை. எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்ற பேச்சு வீடு எழும்புவதற்கு முன்பே நடக்கிறது. அங்கே செல்வம் அதிகம், வீடு குறைவு, அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் படிவத்தில் நாலு கேள்வி சேர்க்க ஸ்விஸ் பணம் வேண்டாம். வடிகாலுக்கும் தடுப்புச்சுவருக்கும் ஒரு பொறியாளர் சான்று கேட்கலாம். இருப்பவருக்கு நிரப்பு மண் விலக்கை நீக்கலாம், இல்லாதவருக்கு நிலச்சரிவுக் காப்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். இல்லை என்று தெரிந்தால் அவன் அந்தக் காசில் வடிகாலாவது வெட்டுவான்.

கீழே இருக்கிற வீடு

பாலிசியை முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நண்பனோடு கோத்தகிரிக்குப் போய்ப் பார்த்தேன். வராந்தாவோடு சேர்ந்து தடுப்புச்சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளி நின்றது. அதற்கு நேர் கீழே, இருபது அடி தள்ளி, சாவி வைத்திருக்கும் அண்ணனின் லைன் வீடு. தகரக் கூரை, ஓரத்தில் முட்டைக்கோஸ் பாத்தி. அந்த ராத்திரி சரிந்த மண்ணில் கொஞ்சம் பாத்தி வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

அண்ணன் டீ கொடுத்தார். பாலிசி கதையை நண்பன் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "உங்க சுவரு எங்க மேல விழுந்திருந்தா அந்த பாலிசியில வருமா சார்?"

வராது. அது என் வீடு, என் பொருள் என்று மட்டும் பேசுகிற ஒப்பந்தம். என் சுவர் அடுத்தவர்மேல் விழுந்தால் வரும் பொறுப்புக்குத் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். வீட்டுக்கான சில தொகுப்புப் பாலிசிகளில் மூன்றாம் நபர் பொறுப்பு என்று கிடைக்கும். நண்பனும் கேட்டதில்லை, எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. இரண்டு பிரதியையும் வரிவரியாகப் படித்த எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. கீழே குடியிருப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களின் பாடிகளும் அடித்துக்கொண்டு போயின. சரிவுக்குப் பட்டா எல்லை கிடையாது. மேலே ஒருவர் வெட்டினால் கீழே ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பாலிசிகளோ சர்வே எண்ணைத் தாண்டி ஒரு அடி பார்ப்பதில்லை. இந்த வாசகத்தின் மீது எனக்குள்ள கடைசிக் குறை இதுதான். ஐந்து விலக்குகளையும் நீதிமன்றம் போய் வென்றாலும் இந்தக் குறை தீராது.

ஆம்பட்ஸ்மேன் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன், எனக்கு எதிராக வந்தாலும். நண்பன் அதுவரை காத்திருக்கவில்லை. சமையலறையைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கையில் இருந்த பணத்தில் முதலில் வயிறு தள்ளிய சுவரைப் பிரித்து, கசிவுத் துளைகளோடு படிப்படியாகக் கட்டச் சொல்லியிருக்கிறான். பின்மேட்டுக்கு மேலே ஒரு வடிகால். சமையலறை அடுத்த வருடம்தான்.

மலையில் வீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்து நிலச்சரிவு என்ற வரிக்குப் பக்கத்துப் பத்தியைப் படியுங்க. படித்துவிட்டு வீட்டுக்குக் கீழே போய் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்க.